குளிர்காலத்தில் காணாமல் போகும் தகைவிலான்கள் எங்கே போகின்றன? வாழ்நாள் முழுக்கத் தேடிய கில்பர்ட் வொய்ட்டின் கதை

அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஏரிக்கரை, வயல்வெளிப் பக்கம் பைக்கில் போகிறவர்கள் கவனித்திருக்கலாம். மின்கம்பியில் மணி கோத்ததுபோல வரிசையாகச் சின்னச் சின்னக் குருவிகள் உட்கார்ந்திருக்கும். முதுகு கருநீலமாகப் பளபளக்கும், தொண்டை செம்பழுப்பு, வால் கவட்டை மாதிரி இரண்டாகப் பிளந்திருக்கும். அதற்குப் பெயர் தகைவிலான். தகைவு என்றால் தடை, களைப்பு என்று பொருள். அது இல்லாத பறவை. நாள் முழுக்க நிற்காமல் பறக்கிற ஒரு ஜீவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது.

நமக்கு அது குளிர்கால விருந்தாளி. வெயில் ஏறும்போது கிளம்பிவிடும். இங்கிலாந்தில் இது அப்படியே தலைகீழ். அங்கே ஏப்ரலில் வந்து, கூடு கட்டி, குஞ்சு பொரித்து, அக்டோபரில் காணாமல் போகும். எங்கே போகிறது என்று இன்று கேட்டால், பள்ளிக்கூடப் பிள்ளைகூட வலசை என்று சொல்லிவிடும். 250 வருடங்களுக்கு முன்னால் ஐரோப்பாவின் பெரிய பெரிய அறிவாளிகளுக்கே இதற்கு உறுதியான பதில் தெரியாது. இங்கிலாந்தின் ஒரு மூலைக் கிராமத்தில் இருந்த உதவிப் பாதிரியார் ஒருவர் இந்தக் கேள்வியைத் தன் வாழ்நாள் முழுக்க விடவே இல்லை. அவர்தான் கில்பர்ட் வொய்ட்.

சேற்றுக்குள் தூங்கும் பறவை?

அன்றைக்கு இருந்த பதில்களைக் கேட்டால் சிரிப்பு வரும். தகைவிலான்கள் பொந்துகளில் ஒளிந்துகொண்டு குளிர்காலத்தைக் கழிக்கின்றன என்று அரிஸ்டாட்டில் எழுதியிருந்தார். 16-ம் நூற்றாண்டில் சுவீடனைச் சேர்ந்த ஓலாஸ் மாக்னஸ், மீனவர்கள் வலையில் மீனோடு சேர்த்துத் தகைவிலான்களையும் இழுக்கிற மாதிரி ஒரு படமே போட்டுவிட்டார். ஏரிக்கு அடியில், சேற்றில், கொத்துக் கொத்தாகத் தூங்குகின்றனவாம். உயிரினங்களுக்குப் பெயர் வைக்கும் முறையை உலகுக்குக் கொடுத்த லின்னேயஸ்கூட இந்தத் தண்ணீருக்கு அடியில் தூங்கும் கதையை நம்பியவர்தான். 17-ம் நூற்றாண்டில் சார்லஸ் மோர்ட்டன் என்பவர் இன்னும் ஒரு படி மேலே போய், பறவைகள் நிலாவுக்குப் போய்வருகின்றன என்று எழுதினார்.

இவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. இலையுதிர்காலத்தில் தகைவிலான்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடி, ஆற்றோர நாணல் புதர்களில் இரவு தங்கும். சாயங்காலம் தண்ணீர்ப் பக்கம் இறங்குவதைப் பார்க்கிறீர்கள், சில நாள் கழித்து ஒன்றுகூட இல்லை. தண்ணீருக்குள் போய்விட்டது என்றுதானே தோன்றும்? 20 கிராம் எடையுள்ள ஒரு குருவி கடல் தாண்டி இன்னொரு கண்டத்துக்குப் போகிறது என்பதைவிட அது நம்புவதற்கு எளிதாகத்தான் இருந்திருக்கும்.

யார் இந்த வொய்ட்?

1720 ஜூலை 18-ல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் உள்ள செல்போர்ன் கிராமத்தில் பிறந்தார். அவருடைய தாத்தா அந்த ஊர்த் தேவாலயத்தின் பாதிரியார். அவருடைய பெயரும் கில்பர்ட் வொய்ட்தான். பேரன் ஆக்ஸ்ஃபோர்டில் ஓரியல் கல்லூரியில் படித்து, அங்கேயே ஃபெல்லோ ஆனார். பிறகு குருப்பட்டம் பெற்றார். கேரியர் என்று பார்த்தால் பெரிதாக எதுவும் இல்லை. தாத்தா வகித்த செல்போர்ன் தலைமைப் பதவி இவருக்குக் கிடைக்க வழியே இல்லை. ஏனென்றால் அந்தத் தேவாலயத்துக்கு ஆள் நியமிக்கும் உரிமை ஆக்ஸ்ஃபோர்டின் மாட்லின் கல்லூரியிடம் இருந்தது. வொய்ட் படித்ததோ வேறு கல்லூரி. அதனால் பக்கத்து ஊரிலும், பின்னாளில் செல்போர்னிலும் உதவிப் பாதிரியாராகவே காலத்தை ஓட்டினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்யாணம் செய்தால் ஃபெல்லோ பதவியும் அதன் வருமானமும் போய்விடும் என்பது அன்றைய விதி.

வெளியூரில் நல்ல வாய்ப்புகள் வந்தபோதும் அவர் போகவில்லை. இதற்கு ஒரு சின்னக் காரணமும் உண்டு. குதிரை வண்டியில் ஏறினால் அவருக்குக் குமட்டல் வந்துவிடும். குதிரை மேல் ஏறிப் போவார், இல்லையென்றால் நடப்பார். பறவைகள் எவ்வளவு தூரம் பயணம் செய்கின்றன என்று ஆயுள் முழுக்க யோசித்தவருக்குப் பயணமே ஒத்துக்கொள்ளாது என்பது ஒரு வேடிக்கை.

ஆனால் ஊரிலேயே கிடந்ததால்தான் அவர் கில்பர்ட் வொய்ட் ஆனார் என்று தோன்றுகிறது. 'தி வேக்ஸ்' என்ற அவருடைய வீட்டுக்குப் பின்னால் பீச் மரங்கள் அடர்ந்த செங்குத்தான மலைச்சரிவு ஒன்று உண்டு. 1753-ல் தன் தம்பி ஜானோடு சேர்ந்து அதில் வளைந்து வளைந்து ஏறும் பாதை ஒன்றை வெட்டினார். 1751-ல் தோட்டக் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கினார். என்று எந்த விதை போட்டார், எப்போது முலாம்பழம் காய்த்தது என்பதுதான் ஆரம்பத்தில் அதில் இருந்தது. 1768 முதல் அது இயற்கைக் குறிப்பேடாக மாறியது. மழை எவ்வளவு, காற்று எந்தத் திசை, எந்தப் பூ மலர்ந்தது, முதல் தகைவிலான் எந்த நாளில் வந்தது... இப்படி 25 வருடம், சாகும் வரை எழுதினார்.

அந்தக் காலத்தில் இயற்கை ஆய்வு என்றால் பறவையைச் சுட்டு, தோலை உரித்து, பஞ்சடைத்து, மேஜையில் வைத்து அளப்பது. வொய்ட்டும் அதைச் செய்யாதவர் இல்லை. ஆனால் உயிரோடு இருக்கும் பறவை என்ன செய்கிறது, எப்படிப் பாடுகிறது என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அவர் செய்த புதுசு. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் மூன்று சின்னக் கதிர்க்குருவிகளை, அவை பாடுகிற விதத்தை வைத்து மூன்று தனித்தனி இனங்கள் என்று பிரித்துக் காட்டினார். அதுவரை எல்லாவற்றையும் ஒரே பறவை என்றுதான் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார்கள்.

காற்றிலேயே சாப்பாடு, காற்றிலேயே குடிதண்ணீர்

அவருக்கு ரொம்பப் பிடித்தது தகைவிலான் குடும்பம்தான். இந்தக் குடும்பத்தில் இன்று உலகம் முழுக்க சுமார் 90 இனங்கள் உண்டு. அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டத்திலும் இருக்கின்றன. எல்லாமே பறக்கும் பூச்சிகளை நம்பி வாழ்கிறவை. உடம்பே அதற்காகச் செய்ததுபோல இருக்கும். அலகு குட்டை, ஆனால் வாயைத் திறந்தால் காது வரை போகிற மாதிரி அகலம். இறக்கை நீளம், கூர்மை. சட்டென்று திரும்புவதற்குக் கவட்டை வால். கால் மட்டும் நோஞ்சான். கம்பியில் உட்காரத்தான் லாயக்கு, தரையில் நடை தடுமாறும்.

வொய்ட் 1770-களில் இந்தப் பறவைகளைப் பற்றி நான்கு கட்டுரைகள் எழுதினார். லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அவை வெளியாயின. அதில் இருக்கும் விவரங்களைப் படித்தால், ஒரு மனுஷன் இவ்வளவு நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்திருப்பாரா என்று ஆச்சரியம் வரும்.

வீட்டுக் கூரை விளிம்பின் கீழ் களிமண்ணால் கூடு கட்டும் வீட்டு மார்ட்டினை எடுத்துக்கொள்ளுங்கள். அது காலையில் மட்டும்தான் கட்டிட வேலை பார்க்கும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை அங்குலம். மீதி நேரம் இரை தேடப் போய்விடும். சோம்பேறித்தனம் இல்லை. ஈர மண்ணின் மேல் ஈர மண்ணை வைத்துக்கொண்டே போனால் கனம் தாங்காமல் மொத்தமும் இடிந்து விழும். அதனால் காய விட்டு, மறுநாள் அடுத்த வரிசை. நம் ஊரில் மண்சுவர் வைக்கும் கொத்தனாரும் இப்படித்தானே செய்வார்? சுமார் 10, 12 நாளில் கூடு தயார்.

குஞ்சுகளின் எச்சத்தைத் தாய்ப்பறவை எப்படிச் சுத்தம் செய்கிறது என்பதைக்கூட அவர் விடவில்லை. எச்சம் ஒரு கெட்டியான சவ்வுக்குள் இருப்பதால், கூடு நனையாமல் அலகால் அப்படியே தூக்கி வெளியே போட முடிகிறது. இயற்கை தந்த டயப்பர் என்று வைத்துக்கொள்ளலாம்.

தகைவிலான் இங்கிலாந்தில் பெரும்பாலும் புகைபோக்கிக்குள் கூடு கட்டியது. பறக்கப் பழகிய குஞ்சும் தாயும் வானத்தில் எதிரெதிரே வந்து, ஒரு நொடி மேல்நோக்கி எழும்பிச் சந்தித்து, வாயிலிருந்து வாய்க்கு இரையை மாற்றிக்கொள்ளும். பல பேர் கண்முன்னே நடந்தும் யாரும் கவனிக்காத காட்சி இது. குளத்தின் மேல் தாழப் பறந்து ஒரு மிடறு தண்ணீர் குடிப்பது, பறந்தபடியே முங்கிக் குளிப்பது, வல்லூறு வகைப் பறவை வந்தால் முதலில் கத்தி மற்ற பறவைகளை உஷார்படுத்துவது என எல்லாம் அவருடைய குறிப்பில் இருக்கிறது. புல்வெளியில் குதிரையில் போகும்போது, தகைவிலான்கள் கூடவே பல மைல் தூரம் வரும் என்றும் கவனித்தார். குதிரையின் கால் பட்டு எழும்பும் பூச்சிகள்தான் காரணம். வயலில் டிராக்டர் பின்னாலேயே கொக்குகள் போவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அவர் பதிவு செய்ததிலேயே விநோதமான கூடு ஒன்று உண்டு. ஒரு தானியக் களஞ்சியத்தின் உத்தரத்தில் செத்துக் காய்ந்துபோன ஆந்தை ஒன்று தொங்கியது. அதன் இறக்கை மேலேயே ஒரு ஜோடி தகைவிலான் கூடு கட்டி முட்டையும் போட்டுவிட்டது. இந்த அதிசயம் சர் ஆஷ்டன் லீவர் என்பவரின் அருங்காட்சியகத்துக்குப் போனது. அவர் அசந்துபோய், ஆந்தை இருந்த அதே இடத்தில் மாட்டச் சொல்லி ஒரு பெரிய சங்கைக் கொடுத்து அனுப்பினார். மறுவருடம் அந்தச் சங்குக்குள்ளும் கூடு!

உழவாரன்களையும் அவர் இதே குடும்பமாக எண்ணித்தான் எழுதினார். அன்று எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். உண்மையில் உழவாரன் வேறு குடும்பம். ஒரே தொழில் செய்வதால் உருவம் ஒன்றுபோல் ஆகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அதன் நான்கு விரல்களும் முன்பக்கமே இருப்பதை, இது தனி வகையோ என்று யோசிக்க வைக்கிற ஒரு விஷயமாக வொய்ட் குறித்து வைத்திருந்தார். செல்போர்னில் வருடா வருடம் 8 ஜோடி உழவாரன்தான் இருக்கும் என்று எண்ணி வைத்தார். ஒவ்வொரு ஜோடியும் குஞ்சு பொரிக்கிறதே, பிறகு ஏன் எண்ணிக்கை கூடவில்லை, கூடுதல் பறவைகள் எங்கே போகின்றன என்று கேட்டார். மால்தஸின் மக்கள்தொகைப் புத்தகம் வருவதற்கு முன்னால் கேட்ட கேள்வி இது. என்னைக் கேட்டால், வொய்ட்டின் ஆகச்சிறந்த கேள்வி இதுதான்.

கண்ணால் பார்த்தீர்களா?

சரி, முக்கியக் கேள்விக்கு வருவோம். குளிர்காலத்தில் இவை எங்கே போகின்றன?

தூங்கும் பறவைகளைப் பற்றி வொய்ட்டுக்குப் பல கதைகள் வந்தன. ஒரு பாதிரியார் தன் சிறுவயது அனுபவத்தைச் சொன்னார். தேவாலயக் கோபுரத்தை இடித்தபோது இடிபாடுகளுக்குள் இரண்டு, மூன்று உழவாரன்கள் செத்ததுபோலக் கிடந்தன, நெருப்புப் பக்கம் கொண்டுபோனதும் உயிர் வந்தது என்று. பத்திரமாக இருக்கட்டும் என்று காகிதப் பையில் போட்டு அடுப்பங்கரையில் தொங்கவிட்டாராம். மூச்சுமுட்டிச் செத்துவிட்டன. இன்னொருவர், கடற்கரையில் சுண்ணாம்புப் பாறை சரிந்தபோது அதற்குள் தகைவிலான்கள் கிடைத்ததாகச் சொன்னார். நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா என்று வொய்ட் கேட்டார். இல்லை, பார்த்தவர்கள் சொன்னார்கள் என்று பதில் வந்தது. இன்றைய ஃபேக்ட் செக் டீமில் வொய்ட்டுக்குத் தாராளமாக வேலை கிடைத்திருக்கும்.

ஆனாலும் அவரால் இந்தக் கதைகளை முழுசாக ஒதுக்க முடியவில்லை. காரணம், அவர் கண்ணால் பார்த்த சில விஷயங்கள். 1767 அக்டோபர் பிற்பகுதியில் ஆக்ஸ்ஃபோர்டில் நான்கைந்து தகைவிலான்கள் ஒரு மருத்துவமனைக் கூரைமேல் சுற்றிக்கொண்டிருந்தன. முட்டையிலிருந்து வெளியே வந்து சில வாரங்களே ஆன குஞ்சுகளாக இருக்கலாம். இதுகளா இந்தக் குளிரில் கிளம்பி, கடல் தாண்டி, செனகல் வரைக்கும் போகப்போகின்றன? அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எல்லாம் போய்விட்டன என்று நினைத்த பிறகு, நவம்பரில் ஒரு நாள் வெயில் அடித்தால் சில மார்ட்டின்கள் திடீரென்று தென்படும். ஏப்ரலில் வந்தவை, குளிர் திரும்பினால் மறைந்துவிடும். பக்கத்தில் எங்கேயோ ஒளிந்திருந்தால்தானே இது முடியும்?

இதற்கு எதிரான சாட்சி அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தது. தம்பி ஜான் ஜிப்ரால்டரில் ராணுவத் தேவாலயப் பாதிரியாராக இருந்தார். ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் கிட்டத்தட்டத் தொட்டுக்கொள்கிற இடம் அது. அங்கே தகைவிலான் இனப் பறவைகள் பருவத்துக்குப் பருவம் கூட்டம் கூட்டமாக நீரிணையைக் கடந்து போய்வருவதைத் தன் கண்ணால் பார்த்து அண்ணனுக்கு எழுதினார். வொய்ட் அதை மறுக்கவில்லை, மகிழ்ச்சியோடு தன் கடிதங்களில் சேர்த்துக்கொண்டார். இன்னொரு பக்கம், அவர் கடிதம் எழுதிவந்த டெய்ன்ஸ் பேரிங்டன் என்ற வழக்கறிஞர் வலசையையே நம்பாதவர். வலசை எல்லாம் கட்டுக்கதை என்கிற தொனியில் 1772-ல் ஒரு கட்டுரையே வெளியிட்டிருந்தார். இரண்டுக்கும் நடுவே வொய்ட் ஒரு முடிவுக்கு வந்தார். பெரும்பாலானவை போகின்றன, ஆனால் சில இங்கேயே எங்கோ தூங்கலாம்.

பூச்சி உண்ணும் பறவையின் வாழ்க்கையே பூச்சியோடு கட்டப்பட்டது என்பதை அவர் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார். குளிர் வந்தால் பூச்சி இல்லை, பூச்சி இல்லையென்றால் ஒன்று கிளம்ப வேண்டும், இல்லை பட்டினியைத் தூங்கிக் கழிக்க வேண்டும். தூங்கிக் கழிக்கும் ஒரு ஜீவன் அவர் கண்முன்னாலேயே இருந்தது. அவருடைய அத்தை வளர்த்த திமோத்தி என்ற ஆமை, 1780-ல் அத்தை இறந்தபிறகு செல்போர்னுக்கு வந்தது. ஒவ்வொரு நவம்பரிலும் தோட்டத்து மண்ணைத் தோண்டி உள்ளே போய், ஏப்ரல் வாக்கில் வெளியே வரும். தகைவிலான் மறைவதும் திரும்புவதும் ஏறக்குறைய அதே சமயம். ஆமையால் முடியும் என்றால் குருவியால் ஏன் முடியாது என்று அவருக்குத் தோன்றியதில் பெரிய ஆச்சரியம் இல்லை. திமோத்தி உண்மையில் பெண் ஆமை என்பது அது செத்த பிறகுதான் தெரிந்தது, அது தனிக்கதை.

1781 வசந்தத்தில் அவர் நேரடியாகவே களத்தில் இறங்கினார். முந்தைய இலையுதிர்காலத்தில் கடைசி மார்ட்டின்கள் சுற்றிய மலைச்சரிவுப் பகுதிக்கு ஆட்களைக் கூட்டிப்போய், புதர்களையும் பொந்துகளையும் தோண்டித் துருவ வைத்தார். ஒரு பறவைகூடக் கிடைக்கவில்லை. ஆனால் ஆட்கள் அங்கே தோண்டிக்கொண்டிருக்கும்போதே, அந்த வருடத்தின் முதல் வீட்டு மார்ட்டின் பல பேர் பார்க்க ஊருக்குள் பறந்து வந்தது. நேராக ஒரு பழைய கூட்டுக்குள் புகுந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, வீடுகளுக்கு மேலே பறந்து போனது. திரைக்கதையில் எழுதினால்கூட இவ்வளவு கச்சிதமாக வராது. வொய்ட் இதையும் அப்படியே எழுதி வைத்தார். தன் கருத்துக்குச் சாதகமாக ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை மறைக்கவே இல்லை. சந்தேகத்தையும் விடவில்லை.

புத்தகமும் கல்லறையும்

தாமஸ் பெனன்ட் என்ற விலங்கியலாளருக்கும் பேரிங்டனுக்கும் எழுதிய கடிதங்களைத் தொகுத்து, 'செல்போர்னின் இயற்கை வரலாறு' என்ற புத்தகமாக 1789 என்ற ஆண்டோடு வெளியிட்டார். பதிப்பித்தவர் லண்டனில் புத்தகக் கடை வைத்திருந்த அவருடைய இன்னொரு தம்பி பெஞ்சமின். மொத்தம் 110 கடிதங்கள். சில கடிதங்கள் உண்மையில் தபாலில் போனவையே இல்லை, புத்தகத்துக்காக எழுதியவை. ஊரை விட்டு அதிகம் நகராத ஒருவரின் புத்தகம் 200-க்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டு இன்றுவரை அச்சில் இருக்கிறது. சிறுவன் சார்லஸ் டார்வின் அதைப் படித்துவிட்டுத்தான் பறவைகளைக் கவனிக்க ஆரம்பித்தார். மண்புழுக்கள் நிலத்துக்குச் செய்யும் வேலையைப் பற்றி டார்வின் பின்னாளில் ஒரு நூலே எழுதினார் என்பது தெரிந்திருக்கும். வொய்ட் அதைப் பற்றி 1777-லேயே எழுதிவிட்டார்.

1793 ஜூன் 26-ல், 72 வயதில், செல்போர்னிலேயே இறந்தார். தேவாலய முற்றத்தில் இருக்கும் அவருடைய கல்லறைக் கல்லில் பெயரின் முதலெழுத்துகளும் தேதியும் மட்டும்தான். அவரை உட்கார வைத்து வரைந்த ஓவியம் எதுவும் இல்லை. அவருடைய வீடு இன்று அருங்காட்சியகம்.

அவருடைய கேள்விக்குப் பதில் கிடைக்க இன்னும் 119 வருடம் ஆனது. 1911 மே மாதம், இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஜான் மேஸ்ஃபீல்ட் என்பவர் தன் வீட்டில் கூடு கட்டிய ஒரு தகைவிலானின் காலில் எண் பொறித்த சின்ன உலோக வளையம் ஒன்றை மாட்டிவிட்டார். 1912 டிசம்பரில், அந்த வளையத்தோடு அதே பறவை தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் ஒரு பண்ணையில் பிடிபட்டது. ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர். வொய்ட் நம்பத் தயங்கிய செனகலைவிடப் பல ஆயிரம் கிலோமீட்டர் அதிகம்.

தூங்கும் பறவை என்பதும் முழுக்கப் பொய் இல்லை என்று 1946-ல் தெரியவந்தது. கலிஃபோர்னியாவின் பாலைவன மலை ஒன்றில், பாறை இடுக்கில், உடம்பு சில்லிட்டு ஆழ்ந்த உறக்கத்தில் இருந்த பறவை ஒன்றை எட்மண்ட் ஜேகர் என்ற ஆய்வாளர் கண்டார். அது பூர்வில் எனப்படும் பக்கி வகை. அதுவும் இரவில் பறக்கும் பூச்சிகளைத் தின்று வாழ்வதுதான். குளிரில் பூச்சி கிடைக்காதபோது வாரக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். வொய்ட் தேடியது இருந்தது, ஆனால் வேறு கண்டத்தில், வேறு குடும்பத்தில்.

அவர் அதிக நேரம் பார்த்த வீட்டு மார்ட்டின் விஷயம்தான் இன்னும் பாக்கி. அது ஆப்பிரிக்காவுக்குப் போகிறது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் பிரிட்டனில் லட்சக்கணக்கான மார்ட்டின்களுக்கு வளையம் மாட்டியும், சஹாராவுக்குத் தெற்கே அவற்றில் ஒன்று கிடைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். மிக உயரத்தில் பறந்தபடியே அங்கே பூச்சி பிடித்துத் திரிவதால் கண்ணில் படுவதில்லை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். செல்போர்ன் கூரைகளுக்கு அடியிலிருந்து கிளம்பும் மார்ட்டின்கள் ஆப்பிரிக்காவில் சரியாக எந்த இடத்தில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன என்பதை இப்போதும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.